மச்சான் கிலுக்கு

வா, இந்தப் பக்கம் திரும்பிப் படு. காலை என் மேல போடாதே, கனக்குது. அம்மா அந்த ரூம்ல தம்பிக்குப் பால் குடுக்கட்டும், நீ இன்னைக்குப் பெரியம்மாகிட்ட தூங்கு. மூஞ்சியை ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்க? சரி, கதை வேணுமா வேண்டாமா? வேணும்னா "ம்" கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுரும். அது என்னட்டி ரெனி, நீ திரும்பும்போது கிலுக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு? ஒண்ணுமில்லையா? சரி, ஒண்ணுமில்ல.

ஒரு ஊர்ல ஒரு கடல்கட்டி இருந்தான்.

கடல்கட்டின்னா யாருன்னு தெரியாதுல்ல? இப்போ யாருக்கும் தெரியாது. நம்ம கடல்ல அந்தக் காலத்துல முத்துக் குளிச்சாங்க. பங்குனி மாசம் கடல் தூங்குற மாதிரி கிடக்கும். அப்போ படகு படகா போயி, அடியில இறங்கி, சிப்பி பொறுக்குவாங்க. ஆனா அடியில சுறா இருக்கே? அதோட வாயைக் கட்டுறதுக்குன்னே ஊருக்கு ஒரு ஆளு. கயிறு போட்டா கட்டுவாங்க? இல்ல, மந்திரம் போட்டு. அந்த ஆளுதான் கடல்கட்டி.

"ம்."

அவன் பேரு பஸ்தியான். அவங்க அப்பன் கடல்கட்டி, பாட்டன் கடல்கட்டி, பூட்டனும் கடல்கட்டி. கடற்கரையில அவனுக்கு ஒரு தனி ஓலைக் குடிசை. காலையில படகெல்லாம் கிளம்பினதும் உள்ள போயி கதவைச் சாத்திக்குவான். இடுப்புல ஒரு கோவணம், அவ்வளவுதான், வேற துணி கிடையாது. சிரிக்காதே, அதுதான் முறை. முன்னால ஒரு பித்தளைத் தாம்பாளம், குழியா, நிறைய கடல் தண்ணி. அதுக்குள்ள வெள்ளியில செஞ்ச ரெண்டு மீனு, ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு. அதைப் பாத்துக்கிட்டே முணுமுணு முணுமுணுன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். மாதா கோயில் பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு, அதனால மெதுவாத்தான் சொல்லுவான். அவன் சொல்லிக்கிட்டு இருக்கிற வரைக்கும் கடல்ல இருக்கிற சுறா எதுவும் வாயைத் திறக்காதுன்னு நம்பிக்கை. கடல்ல ஏதாவது விபரீதம்னா தாம்பாளத்துல ஒரு வெள்ளி மீனு இன்னொரு மீனைக் கடிக்குமாம்.

அவனுக்கு மூணு கட்டுப்பாடு. படகு திரும்புற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது. யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குளி முடியுற வரைக்கும், அதாவது மாசம் பூரா, கடல்ல காலை நனைக்கக் கூடாது. கடைசி நாள் மட்டும் வேற ஒரு மந்திரம் இருக்கு, கட்டை அவிழ்க்கிற மந்திரம். சுறாவும் பாவம் பசிச்சவன்தானே, வருஷம் பூரா வாயைக் கட்டி வச்சா பாவம் பிடிக்கும்ல? அதனால எல்லாப் படகும் கரையேறின பிறகு அவிழ்த்து விட்டுருவான். நடுவுல அவிழ்க்கிறதுன்னு ஒரு பேச்சே கிடையாது.

"அவிழ்த்தா?"

பொறு, வருது.

பஸ்தியானுக்கு ஊர்ல மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை. அவன் குடிசைக்குள்ள உக்காராம ஒருத்தன் படகுல ஏற மாட்டான். சாயங்காலம் படகு வந்ததும் ஒவ்வொரு குளியாளியும் நேரா அவன் வாசலுக்கு வந்து, இருக்கிறதுலயே பெரிய சிப்பியா ஒண்ணு எடுத்து, டொக்குன்னு வச்சுட்டு, "அண்ணே, உன் புண்ணியம்"னு சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். டொக், அண்ணே உன் புண்ணியம். டொக், அண்ணே உன் புண்ணியம். அதைக் கேட்டாத்தான் பஸ்தியானுக்குச் சோறு இறங்கும்.

அவன் பொண்டாட்டி காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டா. புள்ளை குட்டி கிடையாது. அவனுக்குன்னு இருந்தது ஒரே ஒரு தங்கச்சி, பேரு கித்தேரி. இவன்தான் தூக்கி வளத்தான். அவளை தொம்மைங்கிற குளியாளிக்குக் கட்டிக் குடுத்தான். நல்ல பையன். ரொம்பப் பேச மாட்டான், கை மட்டும் சும்மா இருக்காது. எதையாவது சீவிக்கிட்டே, முடிஞ்சுக்கிட்டே இருப்பான்.

இப்போ இதைக் கவனமா கேளு, இதுலதான் கதையே இருக்கு. கடல்ல குளிக்கிறவன் இடுப்புல ஒரு கயிறு கட்டியிருக்கும். மறுமுனை மேல படகுல ஒருத்தன் கையில. மூச்சு முட்டுச்சுன்னா கீழ இருந்து ஒரு இழுப்பு இழுப்பான், தூக்குன்னு அர்த்தம். மேல ஏதாவது ஆபத்துன்னா படகுல இருக்கிறவன் மூணு இழுப்பு இழுப்பான், உடனே வான்னு அர்த்தம். அந்தக் கயித்தை யாரு பிடிக்கணும்? அண்ணன் தம்பி இல்ல, கூட்டாளி இல்ல. மச்சான் பிடிக்கணும். பொண்டாட்டியோட அண்ணனோ தம்பியோதான் பிடிக்கணும். ஏன் சொல்லு பாப்போம்?

"ஏன்?"

மத்தவனுக்குத் தூக்கம் வரும், கொட்டாவி வரும், பக்கத்துப் படகுல பேச்சு வரும். மச்சானுக்கு வராது. கயித்தைக் கை தவற விட்டா அவன் கூடப் பொறந்தவதானே தாலி அறுப்பா?

ஆனா தொம்மையோட மச்சான் யாரு? பஸ்தியான். அவன்தான் கடல்ல கால் நனைக்கக் கூடாதே! அதனால கல்யாணத்தன்னைக்கே மாப்பிள்ளை கையைப் பிடிச்சுச் சொல்லிட்டான். "மச்சான், என்னால உன் கயித்தைப் பிடிக்க முடியாது. ஆனா சுறா வாயை நான் பிடிச்சுக்குறேன். என் தங்கச்சிக்கு நான் பொறுப்பு."

தொம்மை சரின்னான். கயித்தைப் பிடிக்க ஒரு கூலியாளை வச்சுக்கிட்டான். அப்புறம் ஒரு நாள் என்னாச்சு, தொம்மை அடியில இருந்து இழுக்கிறான், இழுக்கிறான், மேல கூலியாளு பக்கத்துப் படகுக்காரன்கிட்ட வெத்தலை வாங்கி மென்னுக்கிட்டு இருக்கான். ஒரு வழியா தொம்மை தானா நீந்தி மேல வந்தப்போ மூக்குல ரத்தம், காதுல ரத்தம். ரெண்டு நாள் படுத்துக் கிடந்தான். கித்தேரி அப்போ மாசமா இருந்தா. பக்கத்துல உக்காந்து அழுதா.

மூணாவது நாள் எந்திரிச்சு உக்காந்தான். ஒரு தேங்காச் சிரட்டையை எடுத்தான். உள்ள கொஞ்சம் சோழியைப் போட்டு, இன்னொரு சிரட்டையால மூடி, கம்பியால இறுக்குனான். அதைப் படகு ஓரத்துல ஒரு மூங்கில் பத்தையில கட்டி, இடுப்புக் கயித்தோட முனையை அந்தப் பத்தையில முடிஞ்சான். கீழ இழுத்தா மேல கல கல கலன்னு அடிக்கணும், அதுதான் யோசனை. முதல் பத்தை ரொம்ப மெல்லிசு, சின்ன அலை அடிச்சாலும் ஓயாம கல கல கலன்னு உயிரை வாங்குச்சு. ரெண்டாவது பத்தை ரொம்பத் தடி, யானை இழுத்தாலும் ஊமையா நின்னுச்சு. மூணாவதைச் சீவிச் சீவி, வளைச்சு வளைச்சுப் பாத்து வச்சான் பாரு, அலைக்கு அசையல. ஆளு இழுத்தா மட்டும் கல கல கல கல! படகே அதிர்ந்துச்சு.

"கிலுகிலுப்பை மாதிரியா?"

ஆமா, அதே மாதிரிதான். உனக்கு எப்படிட்டி டக்குன்னு கிலுகிலுப்பை ஞாபகம் வருது?

மச்சான் இல்லாதவனுக்கு மச்சான் கணக்கா இருக்குன்னு படகுல இருந்த ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே அதுக்கு "மச்சான் கிலுக்கு"ன்னு பேரு வச்சான். பேரு ஒட்டிக்கிச்சு. ஒரு வாரத்துல எனக்கொண்ணு உனக்கொண்ணுன்னு எல்லாப் படகுலயும் கிலுக்கு. கடல்ல எங்க பாத்தாலும் கல கல, கல கல. இப்போ கயித்தைப் பிடிச்சுக்கிட்டு யாரும் உக்கார வேண்டாம். கிலுக்கு அடிச்சா தூக்குனா போதும். மிச்ச நேரம் வெத்தலை போடலாம், கதை பேசலாம்.

அப்போ நம்ம பஸ்தியானுக்கு என்னாச்சு?

ஒரு நாள் சாயங்காலம் குடிசை வாசல்ல உக்காந்திருக்கான். படகு வந்துச்சு. குளியாளிங்க இறங்குனாங்க. எல்லாரும் எங்க போனாங்க? தொம்மையைச் சுத்தி நின்னாங்க. "தொம்மை, என் கிலுக்கு சத்தம் கம்மியா இருக்கு, கொஞ்சம் பாரேன்." "தொம்மை, உன் புண்ணியத்துல இன்னைக்குப் பொழைச்சேன்." புண்ணியம்! அது யாரோட வார்த்தை? பஸ்தியானுக்குச் சொல்ற வார்த்தை. அவன் காது கேக்கக் கேக்க இன்னொருத்தனுக்குப் போயிருச்சு. அப்புறம் ஞாபகம் வந்தவனுங்க ரெண்டு மூணு பேரு வந்து அவசர அவசரமா சிப்பியை வச்சுட்டுப் போனாங்க. ஒருத்தன் தூரத்துல இருந்தே விட்டெறிஞ்சுட்டுப் போனான். அதுவும் சின்னச் சிப்பி.

அன்னைக்குப் பஸ்தியானுக்குச் சோறு இறங்கல. வயித்துக்குள்ள நண்டு புகுந்த மாதிரி இருந்துச்சு. இந்தப் பக்கம் பிராண்டுது, அந்தப் பக்கம் பிராண்டுது. ஒரு சிரட்டை! நாலு சோழி! ஏழு தலைமுறை மந்திரம் பெருசா, எச்சில் சிரட்டை பெருசா? அதுவும் யாரு பேரு வச்சிருக்கானுங்க அதுக்கு? மச்சான். அப்போ உயிரோட இருக்கிற மச்சான் எதுக்கு? படகு ஓரத்துல அவன் உக்கார வேண்டிய எடத்துல ஒரு சிரட்டை உக்காந்து கலகலன்னு சிரிக்குதே!

பொறாமை, ரெனி. அதுக்கு வேற பேரெல்லாம் கிடையாது. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு. உங்கம்மா பொறந்தப்போ எனக்கு ஆறு வயசு. அதுவரைக்கும் எங்கப்பா வந்ததும் என்னைத்தான் தூக்குவாரு. அன்னையில இருந்து நேரா தொட்டில்கிட்ட போனாரு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவளுக்குப் பால் புகட்டுற சங்கைத் தூக்கி அரிசிப் பானைக்குள்ள புதைச்சேன். வீடே தேடுச்சு. அவ பசியில கத்துனா. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருந்தேன்.

"அப்புறம்?"

அப்புறம் சோறு வடிக்க அரிசி எடுத்தப்போ கிடைச்சுருச்சு. எனக்கு விழுந்துச்சு ஒண்ணு. அது கிடக்கட்டும், கதைக்கு வா.

பஸ்தியான் ஒரு முடிவு பண்ணான். யாரும் சாகணும்னு அவன் நினைக்கல, அதைச் சொல்லிடணும். ஒரு சுறா கொஞ்சம் பல்லைக் காட்டுனா போதும், எல்லாரும் அலறிக்கிட்டு ஓடி வந்து, "அண்ணே, கிலுக்காவது மண்ணாவது, நீதான் எங்களுக்கு"ன்னு அவன் வாசல்ல விழணும். அதுதான் அவன் ஆசை.

முதல் நாள். குடிசைக்குள்ள போனான், கதவைச் சாத்துனான், தாம்பாளத்துல மீனைப் போட்டான். மந்திரம் மட்டும் சொல்லல. வாயை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருந்தான். மத்தியானம் தங்கச்சி வந்தா. தினமும் அவதான் கஞ்சி கொண்டு வருவா. கதவு திறக்காது, பதில் வராதுன்னு தெரியும். கதவுக்கிட்ட வச்சுட்டு, "அண்ணே, கஞ்சி வச்சிருக்கேன், ஆறிடப் போகுது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. சாயங்காலம் படகு வந்துச்சு. ஒரு சுறா இல்ல, ஒரு கீறல் இல்ல. சிரிப்பும் கும்மாளமுமா இறங்குனாங்க. பஸ்தியானுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு.

ரெண்டாவது நாள். மந்திரமும் சொல்லல, வெள்ளி மீனைத் தண்ணியிலயும் போடல. பெட்டிக்குள்ளயே காய விட்டுட்டான். போதாததுக்குக் கதவையும் ஒரு விரல் அளவு திறந்து வச்சான். மத்தியானம் தங்கச்சி வந்தா. "அண்ணே, இன்னைக்குச் சாளை மீன் தொட்டுக்க வச்சிருக்கேன். அவருக்குப் பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் கிலுக்கு கேட்டு ஆள் வருதுண்ணே. வீடு பூரா சிரட்டையா கிடக்கு." சொல்லிட்டுப் போயிட்டா. உள்ள உக்காந்திருந்தவனுக்கு வயிறு எரிஞ்சுது. பக்கத்து ஊர்ல இருந்தெல்லாமா! இவன் பேரு என்னைக்காவது பக்கத்து ஊருக்குப் போயிருக்கா? சாயங்காலம் படகு வந்துச்சு. அன்னைக்கு மாதிரி ஒரு அறுவடை வருஷத்துக்கே இல்ல. ஒருத்தனும் அவன் வாசல் பக்கம் வரல. ஒரு டொக் கேக்கல.

வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான். நாம கட்டாமயே சுறா சும்மா இருக்கே, அப்போ இத்தனை வருஷம் கட்டினது என்ன? எங்கப்பன் கட்டினது என்ன? அதை நினைச்சப்போ பொறாமைக்கு மேல ஒரு பயம் வந்துச்சு. ஆனா பொறாமை அந்தப் பயத்தையும் முழுங்கிருச்சு.

ரெனி? ம் எங்க?

"ம்... முழிச்சுத்தான் இருக்கேன்."

மூணாவது நாள். உள்ள போனான். கதவைச் சாத்துனான். மீனைத் தண்ணியில போட்டான். ஒண்ணு இந்தக் கரையில, ஒண்ணு அந்தக் கரையில. அப்புறம் வாயைத் திறந்து சொன்னான் பாரு, எந்த மந்திரத்தை? கடைசி நாள் மந்திரத்தை. அவிழ்க்கிற மந்திரத்தை. படகெல்லாம் கடல்ல நிக்குது, ஆளெல்லாம் அடியில இருக்கான், இவன் முழுசா, ஒரு வார்த்தை விடாம சொல்லி முடிச்சான். அவங்க குடும்பத்துல ஏழு தலைமுறையா எவனும் செய்யாத வேலை.

சொல்லி முடிச்சு மூச்சு விடுறான், வெளிய காலடிச் சத்தம். கித்தேரி. வயிறு பெருசாயிருச்சா, மெதுவா, புஸ் புஸ்ஸுன்னு மூச்சு வாங்கிக்கிட்டு வந்தா. கஞ்சியை வச்சா. அன்னைக்கு உடனே போகல. கதவுல சாஞ்சுக்கிட்டா.

"அண்ணே, நீ பேச மாட்டேன்னு தெரியும். நான் பேசிட்டுப் போறேன். பிள்ளை உள்ள உதைச்சுக்கிட்டே இருக்கு. ஊரே கிலுக்கு கிலுக்குங்குது. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே பயம்தான் வருது. ஒரு சிரட்டையை நம்பியா அவரு இறங்குறாருன்னு இருக்கு. அவருகிட்ட சொல்லல, மனசு வருத்தப்படுவாரு. நீ உள்ள உக்காந்திருக்க பாரு, அதை நினைச்சுத்தான் நான் ஒரு வாய் சோறு திங்கிறேன்."

ஊர்ல ஒருத்தருக்கும் நாம வேண்டாம்னுதானே பஸ்தியான் இத்தனை நாளா எரிஞ்சான்? ஒருத்தி, ஒரே ஒருத்தி, அவனை நம்பிச் சோறு தின்னுக்கிட்டு இருக்கா. அவ புருஷன் தலையிலதான் சுறாவை அவிழ்த்து விட்டிருக்கான். குனிஞ்சு தாம்பாளத்தைப் பாத்தான். முழங்கால் இடிச்சுதோ, என்னவோ, தண்ணி தளும்பிக்கிட்டு இருந்துச்சு. ஆம்பள மீனு பொம்பள மீனு மேல ஏறிக் கிடந்துச்சு, வாய் கழுத்துல.

படார்னு கதவைத் திறந்தான்!

கித்தேரி கஞ்சிச் சட்டியோட நின்னுக்கிட்டு இருக்கா. முன்னால அண்ணன், கோவணத்தோட. "அண்ணே!"ன்னு கத்துனா. அவன் நிக்கல. கடற்கரையில கருவாடு காயப் போட்டுக்கிட்டு இருந்த பொம்பளைங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டாங்க. ஒரு கிழவி கண்ணையும் பொத்திக்கிட்டா, விரல் இடுக்கு வழியா பாத்தா. கடல்கட்டி கோவணத்தோட குடுகுடு குடுகுடுன்னு ஓடுறான். நேரா தண்ணிக்குள்ள! சளப், சளப், சளப்! மாசம் பூரா கால் நனைக்கக் கூடாதவன், முட்டி நனைஞ்சுச்சு, இடுப்பு நனைஞ்சுச்சு. ஒரு கட்டுமரத்தைத் தள்ளி ஏறித் துடுப்புப் போட்டான்.

நல்ல வேளை, அன்னைக்குக் கிட்டக்க இருக்கிற பார்ல, சிப்பி கிடக்கிற திட்டுலதான் குளிச்சாங்க. போகப் போக ஒவ்வொரு படகுலயும் கல கல, கல கலன்னு கேக்குது. ஒவ்வொரு ஆளா மேல வர்றான். தொம்மை படகு மட்டும் சத்தம் இல்லாம நிக்குது. தொம்மைக்கு மூச்சு ஜாஸ்தி, எல்லாரையும் விட ரொம்ப நேரம் அடியில இருப்பான்.

அப்போதான் பஸ்தியான் பாத்தான். தண்ணிக்கு மேல கறுப்பா, அரிவாள் மாதிரி ஒரு முதுகுச் செட்டை. மெதுவா, அவசரமே இல்லாம, தொம்மை படகைச் சுத்தி வருது.

படகுல இருந்தவனுங்களும் பாத்துட்டானுங்க. "சுறா! சுறா!"ன்னு கத்துறானுங்க. அடியில இருக்கிறவனுக்குக் கேக்குமா? கூலியாளு பயத்துல என்ன பண்ணான் தெரியுமா? கிலுக்கைப் பிடிச்சு ஆட்டுனான். கல கல கல கல! கடலைப் பாத்துக் கிலுக்கு ஆட்டுறான் மடையன்! கிலுக்கு கீழ இருந்து மேல பேசும். மேல இருந்து கீழ பேசுமா? பேசாது. மூணு இழுப்பு இழுக்கணும்னு அவனுக்கு ஞாபகமே வரல. கயித்தைத் தொட்டே எத்தனையோ நாளாச்சே, கைக்கு மறந்து போச்சு.

பஸ்தியான் கட்டுமரத்துல இருந்து தாவிப் படகுல ஏறுனான். தடால்! கூலியாளைத் தள்ளி விட்டான். மூங்கில் பத்தையில இருந்து கயித்தைப் பிடுங்கிக் கையில சுத்துனான். தொங்கலா கிடந்ததை எல்லாம் சுருட்டிச் சுருட்டி இழுத்து, கயிறு விண்ணுன்னு நின்னதும்...

ஒண்ணு.

ரெண்டு.

மூணு.

எண்ணி முடிச்சுட்டு நின்னான். பொறந்ததுல இருந்து அவன் பிடிச்ச முதல் கயிறு அது. கீழ கிடக்கிற உசுரோட கனம் அவன் கைக்குத் தெரிஞ்சுது. இன்னும் பதில் வரல. செட்டை ஒரு வட்டம் சுத்தி முடிச்சிருச்சு. முதல் தடவையா அவனுக்கு மந்திரம் எதுவும் ஞாபகம் வரல. "தங்கச்சி, தங்கச்சி"ன்னு மட்டும்தான் வாயில வந்துச்சு.

"செத்துட்டானா பெரியம்மா?"

பொறுட்டி. அப்போ கீழ இருந்து ஒரு இழுப்பு. ஒண்ணே ஒண்ணு.

அவ்வளவுதான்! இழு, இழு, இழு! உள்ளங்கை கிழிஞ்சு ரத்தம் வருது, விடல. குபுக்குன்னு தொம்மை தலை மேல வந்துச்சு. அக்குள்ல கையைக் குடுத்து ஒரே தூக்கு. தொம்மை காலு படகுக்குள்ள விழவும், கீழ படகை உரசிக்கிட்டே சர்ர்ர்னு ஒரு கறுப்பு போகவும் சரியா இருந்துச்சு. சுறா வாய் பிளந்திருந்துச்சுன்னு சில பேரு சொன்னாங்க. இல்ல, மூடித்தான் இருந்துச்சுன்னு சில பேரு சொன்னாங்க. பஸ்தியான் மட்டும் கடைசி வரைக்கும் எதுவும் சொல்லல.

தொம்மை இருமி, தண்ணியைத் துப்பிட்டு, நிமிந்து பாத்தான். முன்னால மச்சான், கோவணத்தோட, ஈரத்தோட, கையில கயிறு.

"மச்சான், நீ எப்படி இங்க?"

பஸ்தியான் பொய் சொல்லியிருக்கலாம். மீனு கடிச்சதைப் பாத்து ஓடி வந்தேன்னு சொல்லியிருந்தா ஊரே அவனைத் தூக்கி வச்சு ஆடியிருக்கும். அவன் ஆசைப்பட்டது அத்தனையும் கிடைச்சிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. தொம்மையோட ஈர மூஞ்சியைப் பாத்தான், அது உள்ள போயிருச்சு.

"பொறாமைடா மச்சான். உன் கிலுக்கு மேல பொறாமை. ரெண்டு நாளா கட்டல. இன்னைக்கு அவிழ்த்தே விட்டுட்டேன்."

தொம்மை துடுப்பை எடுத்தான். கரை வர்ற வரைக்கும் மச்சான் மூஞ்சியைப் பாக்கவே இல்ல. உடனே கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்கன்னு சொன்னா அது பொய்க் கதை. கித்தேரிக்கு விஷயம் தெரிஞ்சப்போ அவ திட்டல, அழல. கஞ்சி கொண்டு வர்றதை நிறுத்திட்டா. ஒரு நாள் வரல. ரெண்டு நாள் வரல. மூணு நாள் வரல. பஸ்தியான் குடிசைக்குள்ள குப்புறப் படுத்துக் கிடந்தான். பசியை விட அது பெருசா வலிச்சுது.

நாலாம் நாள் காலையில கதவுகிட்ட சட்டி வைக்கிற சத்தம். திறந்தான். கித்தேரி நின்னா, பின்னால தொம்மை.

தொம்மை அவனுக்கே உரிய மாதிரி ரெண்டு வார்த்தை சொன்னான். "கடல்ல கால் நனைச்சாச்சு. இனி நீ கட்ட முடியாது."

"ஆமா"ன்னான் பஸ்தியான்.

"அப்போ கை சும்மாத்தானே இருக்கு? வா, கயித்தைப் பிடி."

பஸ்தியானுக்கு நம்ப முடியல. "என்னையா? என்னை நம்பியா?"

"அன்னைக்கு மூணு இழுப்பு யாரு இழுத்தது? எனக்குக் கீழயே தெரிஞ்சுது, கூலியாளு கை இல்லன்னு."

அப்போ சுறா வாயை யாரு கட்டுறது? அது இல்லாம ஒருத்தனும் இறங்க மாட்டானே? கித்தேரி புடவையை இழுத்துச் செருகுனா, அண்ணனைத் தள்ளிட்டுக் குடிசைக்குள்ள போனா. "சின்ன வயசுல இருந்து ஓலைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், எனக்கும் மனப்பாடம்தான். தாலி யாருது? நான் கட்டுறேன்." கோவணம் எல்லாம் கிடையாது, நல்ல புடவை கட்டிக்கிட்டு, வயித்துப் பிள்ளைக்கு வெக்கையா இருக்கும்னு கதவை நல்லா விரியத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்தா. கிழவனுங்க முணுமுணுத்தானுங்க. ஆனா வேற ஆளு கிடையாதே, என்ன பண்ணுவானுங்க? போனானுங்க. பத்திரமா வந்தானுங்க. சாயங்காலம் அவ வாசல்ல டொக், "தங்கச்சி, உன் புண்ணியம்." டொக், "தங்கச்சி, உன் புண்ணியம்." படகுல இருந்து இறங்குன பஸ்தியானுக்கு அதைக் கேட்டதும் வயித்துல அந்த நண்டு லேசா பிராண்டுச்சு. ஆமா, பிராண்டுச்சு. ஒரே நாள்ல செத்துப் போற நண்டா அது? ஆனா இப்போ அவன் கையில கயிறு இருந்துச்சு, அதை விட்டுட்டு நண்டைப் பாக்க நேரம் இல்ல.

குளி முடிஞ்சுச்சு. கித்தேரி கடைசி நாள் அவிழ்க்கிற மந்திரத்தைச் சொன்னா. சுறாவெல்லாம் சாப்பிடப் போச்சு. அடுத்த வாரமே அவளுக்கு ஒரு ஆம்பளப் பிள்ளை. அது அழுதுச்சு பாரு, ஊரையே கூட்டுற அழுகை. பாலுக்கு அடங்கல, தாலாட்டுக்கு அடங்கல. தொம்மை தோள்ல போட்டு நடந்து பாத்தான், அடங்கல. அப்போ பஸ்தியான் எந்திரிச்சுக் கடற்கரைக்குப் போனான். தொம்மை படகுல சும்மா தொங்கிக்கிட்டு இருந்த அந்த முதல் கிலுக்கை அவிழ்த்தான். எதை நினைச்சு மூணு நாள் எரிஞ்சானோ, எதைக் கால்ல போட்டு மிதிக்கணும்னு நினைச்சானோ, அதே சிரட்டை. கொண்டு வந்து தொட்டில்ல கட்டி, அவன் கையாலேயே ஆட்டுனான்.

கல கல கல கல.

பிள்ளை அழுகையை நிறுத்திட்டு முழிச்சு முழிச்சுப் பாத்துச்சு. யாரைப் பாத்துச்சு? கிலுக்கை ஆட்டுன ஆளை. பஸ்தியான் ஆட்டுறதை நிறுத்துனா உடனே உதட்டைப் பிதுக்கும். வேற யாரு ஆட்டுனாலும் அடங்காது. தாய்மாமன்தான் வரணும். ஊர்ல ஒரு ஆளுக்கு நீ மட்டும்தான் வேணும்னா எப்படி இருக்கும்? பஸ்தியான் அப்படியே தரையில உக்காந்து, ஆட்டிக்கிட்டே, கண்ணைத் துடைச்சுக்கிட்டான்.

கதை கரை சேந்துருச்சு. கண்ணை மூடு.

என்னட்டி? ஏன் எந்திரிச்சு உக்காந்திருக்க? தலகாணிக்கு அடியில என்னத்தைத் துழாவுற? நான் ஒண்ணும் கேக்கல. அந்த ரூம்ல தம்பி அழுற சத்தம் கேக்குதா? உங்கம்மா சாயங்காலத்துல இருந்து வீடு பூரா எதையோ தேடிக்கிட்டு இருந்தா, எனக்கு எதுன்னு தெரியாது. அரிசிப் பானையிலகூடப் பாத்தா. போறியா? போ. கால்ல செருப்பு வேண்டாம், மெதுவா போ.

ம்... கிலுக்கு, கிலுக்கு. அழுகை நின்னுருச்சு.

வந்துட்டியா? உன்னைப் பாத்தானா? சிரிச்சானா? பொய் சொல்லாதே, பத்து நாள் பிள்ளை சிரிக்காது. சரி, சிரிச்சான். உன்னைப் பாத்துத்தான் சிரிச்சான். நாளைக்குக் காலையில மறுபடியும் அந்த நண்டு பிராண்டும், பிராண்டட்டும், பெரியம்மாகிட்ட சொல்லு. இப்போ படகெல்லாம் வந்துருச்சு, எல்லாரும் தூங்குறாங்க. நீயும் தூங்கு.